கோடு என்னும் சொல்லும் ஊவா மலைகளும்

பதுளைப் பகுதியின் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைவோர் காதில் முதலில் விழுவது உருட்டு இயந்திரத்தின் ஓசை. வாட்டி எடுத்த கொழுந்து ஒரு வட்டப் பெட்டியுள் இடப்பெறுகிறது. அப்பெட்டி, கீழே அமைந்த மேசையின்மீது ஓயாது வட்டமிடுகிறது. அவ்வட்டத்தில் இலை நசுங்கிச் சுருள்கிறது. அதன் சாறு வெளிப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. பச்சை நிறம் மாறிச் செப்பு நிறம் ஏறுகிறது. இந்த இயந்திரத்தைத் தோட்ட மக்கள் ‘ரோதை’ என்பர். போர்த்துக்கீச மொழியிலே சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோடா’ என்னும் சொல்லின் திரிபு அது. இயந்திரத்துக்கும் ஒரு காவல் வேண்டும் என எண்ணிய தொழிலாளர் ‘ரோதைமுனி’ என ஒரு தெய்வத்தையும் அதன் அருகே நிறுத்தி வழிபட்டனர்.

அந்தப் பெட்டியை வட்டமிடச் செய்வது எது எனின், மேசையின் ஓரத்தில் நிற்கும் வளைந்த இரும்புத் தண்டுகளாம். நேரான தண்டு நின்ற இடத்திலேயே சுழலும். அதனை முழங்கைபோல் மடக்கி வளைத்துவிட்டால், அதனோடு பிணைக்கப்பட்ட பொருள் வட்டமிட்டு நகரும். இவ்வளைந்த தண்டுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘கிராங்கு’ என்பது. மிகப் பழைய ஆங்கிலத்தில் இச்சொல் தனித்து வழங்கவில்லை. நெசவாளர் கருவி ஒன்றின் பெயரில் முற்பகுதியாக மட்டுமே காணப்படுகிறது. வளைதல், சுருளுதல், மடங்குதல் என்பனவே அதன் அடிப்படைப் பொருள். பின்னர் அச்சொல் பல கிளைகளை விட்டது. பதினாறாம் நூற்றாண்டளவில் சொல்லைத் திருகிப் பேசும் வேடிக்கைப் பேச்சும் கிராங்கு எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஊரோடு ஒத்துப்போகாத கோணல் எண்ணம் உடையவனும் அப்பெயர் பெற்றான். அதன் உறவுச் சொல் ஒன்று, பிறர்முன் உடல் குறுகி வளைந்து நிற்பதைக் குறித்தது. செருமானிய மொழியிலோ அதே குடும்பத்துச் சொல் நோயுற்றவனைக் குறிக்கிறது. பொருளின் வளைவு, பேச்சின் வளைவு, அறிவின் வளைவு, உடலின் வளைவு ஆகிய நான்கையும் ஒரே வேர் தாங்கி நிற்கிறது.

ஆங்கிலத்தில் மட்டுமன்று, தமிழிலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. ‘கோடு’ என்பதே அது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் பள்ளிச் சிறுவனுக்கும் நினைவில் எழுவது அடிமட்டம் வைத்துக் கீறிய நேர்வரி. ஆயின் அதன் பழம்பொருள் வளைவு என்பதாகும். வளைந்திருத்தலால் விலங்கின் கொம்பு கோடு எனப்பட்டது. யானையின் தந்தம் கோடு எனப்பட்டது. மரத்தின் கிளை கோடு எனப்பட்டது. கிளையிற் பூக்கும் மலரைக் கோட்டுப்பூ எனப் பிரித்துக் கூறினர் முன்னோர். ஏரியை வளைத்து நிற்கும் கரையும், சுரிந்த உடலையுடைய சங்கும், ஊதுகொம்பும் கோடு என்னும் பெயரைப் பெற்றன. வானத்தை நோக்கி வளைந்தெழும் மலைமுடியும் கோடே. திருச்செங்கோடு என்னும் ஊர்ப்பெயரில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. வளைந்த கத்தி கொடுவாள் ஆயிற்று. வளைந்த வரிகளை உடைய புலி கொடுவரி எனப்பெற்றது. வளைந்த மதிலையுடைய கோயில் கோட்டம் எனப்பட்டது. சிறைச்சாலையும் கோட்டம் எனப்பட்டது. மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது.

இவ்வளவும் கண்ணாற் காணும் வளைவுகள். இனி, கருத்தால் உணரும் வளைவும் ஒன்று உண்டு. ஒரு பக்கம் சாய்கின்ற நெஞ்சத்தின் செயலைக் கோடுதல் என்றும், சாயாத தன்மையைக் கோடாமை என்றும் நம் பழந்தமிழர் கூறினர். நீதி தவறாத ஆட்சி செங்கோல். நீதி தவறிய ஆட்சி கொடுங்கோல். திருக்குறள் இவ்விரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்துள்ளது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், தன் தீர்ப்பு வழுவியதை அறிந்தவுடன் அரியணையிலேயே உயிர்விட்டான். வளைந்த கோலை உயிர் கொடுத்து நிமிர்த்தினான் என்று அவன் போற்றப்பட்டான். இவ்வாறு வளைவு என்பது குற்றத்தின் பெயராகவும், நேர்மை என்பது அறத்தின் பெயராகவும் நிலைபெற்றன.

ஆயின் வளைந்தன எல்லாம் தீயனவா? நேரானவை எல்லாம் நல்லனவா? இவ்வினாவுக்கு வள்ளுவரே விடை கூறியிருக்கிறார். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் அவர் இரு பொருள்களை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒன்று அம்பு, மற்றொன்று யாழ். அம்பின் வடிவம் நேரானது, அதன் தொழிலோ கொலை. யாழின் தண்டு வளைந்தது, அதன் தொழிலோ இசை. ஆதலால் வடிவத்தைக் கண்டு மயங்காமல், விளைகின்ற செயலைக் கொண்டே எதனையும் மதிப்பிடுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. தமிழ்ச் சொல் வளைவின்மீது ஏற்றிய பழியை அவரே தமிழ்கொண்டு திருத்தினார் எனலாம். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஊவா மலைத் தோட்டங்களின் வரலாற்றை அளந்து பார்ப்பின், சில உண்மைகள் தெளிவாகப் புலப்படும்.

ஊவா மலைநாடு. 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. பதுளை அதன் தலைநகர். அதற்கு முன்னரே அம்மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவியிருந்தன. அவற்றில் உழைப்பதற்காகத் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளின் ஊடே மாத்தளை நோக்கி நடந்து மலையேறியோர் பலர். வழியிலே நோயால் மடிந்தோரும் பலர். 1869ஆம் ஆண்டிலே, இந்த ஊவாவின் மடூல்சீமைப் பகுதியில்தான், கோப்பி இலையைப் பற்றும் துருநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் கோப்பிப் பயிர்த்தொழிலையே அழித்துவிட்டது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வணிக முறையில் பயிரிட்ட செடி ஊவாவின் மலைமுகடுகள் வரையும் ஏறியது. 1890ஆம் ஆண்டில் இலங்கை வந்த தாமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் கச்சான் காற்று, மேற்கு மலைகளில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக ஊவாவுக்குள் நுழைகிறது. அந்த வறண்ட காற்றில் வாடும் கொழுந்துக்குத் தனி மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை பெற்ற பெயருக்கு அதுவே காரணம்.

இம்மலைகளில் முதலிற் செடி நட்டவர்கள் கயிறு பிடித்து நட்டனர். சரிவின் மேலிருந்து கீழாகக் கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் நேரே குழி வெட்டி, வரிசை பிறழாமல் நாற்றை ஊன்றினர். பார்வைக்கு அவ்வரிசைகள் அழகாக இருந்தன. ஆட்களை மேற்பார்க்கவும் செடிகளை எண்ணவும் எளிதாக இருந்தன. ஆனால் மழை பெய்தபோது, அந்நேர்வரிசைகளே நீருக்கு வாய்க்கால்கள் ஆயின. காடு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த மேல்மண் அவ்வழியே ஓடி ஆற்றிற் கலந்தது. பின்வந்தோர் அப்பிழையை உணர்ந்தனர். மலையைச் சுற்றி ஒரே உயரத்தில் வளைந்து செல்லும் வரிசைகளாகச் செடியை நட்டனர். அவ்வாறே வளைத்துக் ‘கான்’ வெட்டினர். கான் என்பது தோட்டத் தமிழில் நீர்வடிகால். ஒரே உயரத்தைக் காட்டும் இவ்வளைந்த வரிக்கு இலங்கைப் புவியியல் நூல்கள் இட்ட பெயர் ‘சமவுயரக் கோடு’ என்பதாம். நேர்வரியின் பெயராக மாறிப்போயிருந்த கோடு என்னும் சொல், மலைச்சரிவிலே மீண்டும் தன் பழம்பொருளை அடைந்தது. நேர்வரிசை மண்ணை இழந்தது. வளைந்த வரிசை மண்ணைக் காத்தது.

தேயிலைச் செடியைத் தன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். ஆதலால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை வெட்டித் தாழ்த்துதல் வேண்டும். இதற்குத் தோட்டத் தமிழிற் ‘கவ்வாத்து’ என்று பெயர். வெட்டுவோர் கையிலுள்ள கவ்வாத்துக் கத்தியின் அலகு வளைந்தது. நேரான கத்தியால் ஓங்கி வெட்டினால் கிளை பிளவுபடும். வளைந்த அலகோ கிளையைத் தழுவி இழுத்து ஒரே வீச்சில் சீராக அறுக்கும். காயம் சீராக இருந்தால் செடி விரைவில் துளிர்க்கும். பழந்தமிழர் கொடுவாள் என்று பெயரிட்ட கருவியின் உறவே இக்கத்தி. கொடு என்னும் அடை இங்கே கொடுமையைக் குறியாது, மறுமுறை தளிர்க்கச் செய்யும் தொழிலையே குறிக்கிறது.

வெட்டிய செடி துளிர்த்தபின் கொழுந்து எடுப்பவள் வருகிறாள். தலையில் மாட்டிய கயிற்றால் முதுகிற் கூடையைத் தாங்கி, இடுப்பளவு உயரமுள்ள செடிகளுக்கு இடையே, சரிவிற் கால் ஊன்றி, உடல் வளைத்து நிற்கிறாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அவள் விரல்கள் கிள்ளுகின்றன. கண்ணுக்குத் தெரியும் இவ்வளைவை வள்ளுவர் கூறிய யாழின் வளைவோடு ஒப்பிடலாம். தீவின் வருவாயிற் பெரும்பகுதி நெடுங்காலமாக இந்த வளைந்த முதுகுகளின்மீதே ஏறி வந்தது.

இனி, ஊவாவின் வளைவுகளுள் உலகறிந்த ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. 1893இல் அப்புத்தளைக்கும் 1894இற் பண்டாரவளைக்கும் அது நீண்டது. அதன்பின் பதுளை வரையுள்ள சிறு தொலைவைக் கடப்பதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. பாதை பண்டாரவளையிலிருந்து பதுளையை நோக்கிப் பெரிதும் கீழிறங்க வேண்டியிருந்தமையால் எல்லவுக்கும் பதுளைக்கும் இடையே பொறியியலாளர் பெரும் இடர்ப்பட்டனர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஆழ்ந்த பள்ளத்தின்மீது ஒன்பது வளைவுகளைக் கொண்ட கற்பாலம் கட்டப்பட்டது. தெமோதரையில் இன்னொரு தடை எதிர்ப்பட்டது. புகையிரதம் 44 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு மேற்பட்ட சரிவிற் பாதுகாப்பாக ஏறவும் இறங்கவும் இயலாது. தெமோதரையிலோ நேர்ப்பாதை இட்டால் சரிவு அதனினும் மிகும்.

அப்போது கண்ட வழி வளைவே. தெமோதரை நிலையத்தை விட்ட பாதை, குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் புறப்பட்ட நிலையத்தின் கீழேயே சுரங்கத்தினுள் புகுந்து மறுபுறம் வெளிப்படுகிறது. மேலே நிலையம், அதன் அடியில் சுரங்கம், ஒரே தண்டவாளம் இரண்டையும் கடக்கிறது. இவ்வரிய அமைப்பைப் பற்றி மலைநாட்டில் ஒரு கதை வழங்குகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டினாராம். துணி தன்மீதே ஏறி வளைந்து செல்வதைக் கண்ட பொறியியலாளருக்கு வழி புலப்பட்டதாம். கதை வரலாறு ஆகாது. எனினும், அக்கதையை வழங்கிய மக்களின் உள்ளத்தை அது காட்டுகிறது. தங்கள் தலைப்பாகைக்கும் அந்தப் பாதையில் ஒரு பங்கு உண்டு என்று அவர்கள் சொல்லிக்கொண்டனர். தெமோதரைக்குப் பாதை 1921ஆம் ஆண்டில் எட்டியது. பதுளைக்கு 1924இல் எட்டியது. அதுவரை மாட்டுவண்டியில் மலை இறங்கிய பதுளைப் பகுதித் தேயிலைப் பெட்டிகள் அதன்பின் புகையிரதம் ஏறிக் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தன.

வளைவுகளின் கதை இவ்வாறாயின், நேர்க்கோடுகளின் கதை என்ன? தோட்டத் தொழிலாளர் குடியிருந்த நீண்ட கட்டடத்துக்கு ‘லயம்’ என்று பெயர். வரிசை, கோடு எனப் பொருள்படும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே லயன் என்றும் லயம் என்றும் திரிந்தது. படைவீரர் தங்கும் வரிசைக் கொட்டகைகளுக்கு ஆங்கிலேயர் வழங்கிய சொல் அது. தொடக்ககாலக் கோப்பித் தோட்டக்காரருட் படை அலுவலர் பலர் இருந்தமையால், படைவீட்டுச் சொற்கள் தோட்டத்திலும் குடியேறின. காலையில் ஆள் கணக்கு எடுப்பதற்குப் ‘பெரட்டு’ என்று பெயர். அது படை அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேடு’ என்பதன் திரிபு. கவ்வாத்து என்பதும் முதலிற் படைப்பயிற்சியைக் குறித்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல்லே. ஆக, உழைப்போரின் உறைவிடம், நாளின் தொடக்கம், தொழில் ஆகிய மூன்றும் படைவீட்டின் நேர்க்கோட்டில் அடங்கின.

லயத்தின் வடிவம் பிழையற்ற நேர்கோடு. ஒரே கூரையின்கீழ், ஒரே அளவில், அடுத்தடுத்து அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதே ஒரு குடும்பத்துக்கு வழக்கமாக அமைந்த காம்பரா. அதிலே அடுப்பு, அதிலே தொட்டில், அதிலே முதியோர் படுக்கை. கட்டுவதற்கு மலிவானது, காவலுக்கு எளிதானது. ஆனால் ஒரு தலைமுறைக்குப் பின் ஒரு தலைமுறை அதனுள்ளேயே பிறந்து வளர்ந்தது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, அதன் அடியிற் கிடந்த லய வரிசைகள் மண்ணுள் மறைந்தன. மலையும் கோடு; வரிசையும் கோடு. ஒரு கோடு சரிய மறுகோடு புதைந்தது. இடர் உள்ள சரிவு என்று தெரிந்த பின்னரும் மக்கள் அங்கே தங்கியிருந்தமைக்குக் காரணம், ஏறிச் செல்வதற்கு அவர்களுக்கென வேறு நிலம் இல்லாமையே.

லயத்தினும் நேரானது ஒன்று உண்டு. அது சட்டத்தின் வரி. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. அதற்கு முன் இத்தீவிற் பிறந்த ஒருவர் வழிவழிக் குடிமகன் ஆவதற்கு, அவர் தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும் என்பது விதி. எல்லோருக்கும் ஒரே அளவு. வாசித்தால் நேரான வாக்கியம். ஆனால் கடல் கடந்து வந்தோரின் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் அவ்விதி ஒரு மதிலாக எழுந்தது. தந்தையின் பிறப்பை நிறுவும் ஏடு பெரும்பாலோரிடம் இல்லை.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், பதிவின் மூலம் குடியுரிமை கோருவதற்கு ஒரு வழி திறந்தது. மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் 1946ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு முன் இடைவிடாது இங்கு வாழ்ந்தமையை நிறுவுதல் வேண்டும். ஊருக்குச் சென்று பெற்றோரைக் கண்டு வந்தவர்களுக்கு, அந்த ஒரு பயணமே சான்றை முறிக்கும் இடைவெளி ஆயிற்று. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், குடிமக்களுக்கே வாக்கு என்று வரையறுத்தது. தேயிலை மலைகளில் வாழ்ந்த மக்கள் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர்.

இச்சட்டங்களை எதிர்த்துக் கோடகன் பிள்ளை என்பவர் பெயரால் ஒரு வழக்கு எழுந்தது. மலைநாட்டுப் பேச்சு வழக்கில் நீதிமன்றத்துக்குக் ‘கோடு’ என்றே பெயர். கோடு கச்சேரி ஏறி இறங்குதல் என்பது தமிழர் யாவரும் அறிந்த தொடர். ஆங்கிலக் ‘கோர்ட்’ என்பதன் தேய்வு அது. வளைவுப் பொருளுடைய தமிழ்ச் சொல்லோடு அதற்குப் பிறப்பால் உறவில்லை. ஒலியால் மட்டும் ஒன்றாயிற்று. கோடாமையை வேண்டி மக்கள் கோட்டுக்குச் சென்றனர் என்பது மொழி தந்த முரண். 1951ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றமும், 1953ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகமும் அவ்வழக்கைத் தள்ளின. குடிமக்கள் யார் என வரையறுப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் உரிய அதிகாரமே என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் வடிவம் நேரானது என்று கோடு கண்டது. வள்ளுவர் கேட்கச் சொன்ன வினா வடிவத்தைப் பற்றியதன்று. அம்பு எங்கே தைத்தது என்பதைப் பற்றியது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோராக நின்ற 9,75,000 பேரை இரு அரசுகளும் எண்ணாற் பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பிற்பாடு தீர்மானிக்கப்படும் என்பது ஏற்பாடு. அந்த எஞ்சியோரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாக 75,000 வீதம் பகிர்ந்தது. கணக்கிற் பிழையில்லை. ஆயின், ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் உரியவராயினர். பதுளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதம் ஏறியோர் தலைமன்னார் சென்று கப்பலேறினர். அவர்களுட் பலர் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைச் செடியின் முன் நின்றனர். பதுளையிற் புறப்பட்ட வண்டி தெமோதரையை நெருங்கும்போது, முதலில் நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுட் புகும். பின்பு குன்றைச் சுற்றி வந்து அதே நிலையத்தில் நிற்கும். பிரிந்து செல்வோருக்குத் தங்கள் மலைகளை ஒருமுறை சுற்றிக் காட்டிய பின்னரே அந்த வளைவு விடை தந்தது.

நெடுங்காலம் இழுபட்ட அப்பிழை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பெரும்பகுதி திருந்திற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் முதல் இத்தீவில் நிலையாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் குடியுரிமை பெற அச்சட்டம் வழிசெய்தது. வளைந்த கோல் நிமிர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இன்னும் ஒரு வளைவு எஞ்சியிருக்கிறது. அது மொழியின் வளைவு. பழைய இலக்கண உரையாசிரியர்கள் தமிழைச் செந்தமிழ் என்றும் கொடுந்தமிழ் என்றும் பிரித்தனர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நாடுகளின் பேச்சுத் திரிபு கொடுந்தமிழ் எனப்பட்டது. கொடுமையான தமிழ் என்பது அதன் பொருளன்று. வளைந்த தமிழ் என்பதே பொருள். தோட்டத் தமிழும் அத்தகையதே. போர்த்துக்கீசர் தந்த காம்பராவும் ரோதையும், ஆங்கிலேயர் தந்த லயமும் பெரட்டும், உருது வழிவந்த கவ்வாத்தும் அதில் ஒன்றாகக் குடியிருக்கின்றன. தோட்டத்துக் குழந்தைகளைப் பகலிற் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குப் ‘பிள்ளைக் காம்பரா’ என்று பெயர். அச்சொல்லின் ஒரு பாதி தமிழ்த் தாய் தந்தது. மறுபாதி கப்பலேறி வந்தது. இவ்வழக்கைப் பிழைத்தமிழ் என்று ஒதுக்கியோர் உண்டு. ஆனால் அம்மக்கள் நடந்து வந்த பாதையையும், யாரிடம் வேலை செய்தனர் என்பதையும், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் எந்த அரசாங்க ஏட்டினும் தெளிவாக அச்சொற்களே பதிந்து வைத்துள்ளன. பிறப்பை நிறுவ ஏடு இல்லாதவர்களுக்கு அவர்களுடைய பேச்சே சான்றாயிற்று.

பெட்டியைச் சுழற்றும் வளைந்த தண்டும், செடியைத் துளிர்க்கச் செய்யும் வளைந்த கத்தியும், மண்ணைக் காக்கும் வளைந்த கானும், மலையிறங்கும் வளைந்த பாதையும் ஊவாவை வாழ்வித்தன. நேராகக் கட்டிய லயமும், நேராக எழுதிய சட்டமும் அங்கு வாழ்ந்தோரை வாட்டின. நேர்மை வேறு, நேர்கோடு வேறு. முன்னது செயலிற் காண்பது. பின்னது தாளிற் காண்பது.

இன்று தோட்ட மக்கள் வேண்டுவது லயத்துக்கு மாறாகத் தனி வீடும், அவ்வீடு நிற்கச் சொந்த நிலமும் ஆகும். காணி உறுதி ஒன்றில் நில அளவையாளர் கீறும் எல்லை நேராகவும் இருக்கலாம். மலையின் போக்குக்கு இசைய வளைந்தும் இருக்கலாம். அம்மக்கள் கேட்பது, தங்கள் பெயர் எழுதப்பட்ட அந்த ஒரு கோட்டையே.